'வெளியே வராதீங்க' என்றால் போதுமா? சென்னையின் கோடை அறிவிப்புகளில் இருப்பதும் இல்லாததும்

மதியம் 12.40. அண்ணா சாலையில் சிக்னல் சிவப்பு. பைக்கில் காத்திருக்கும் டெலிவரி ஊழியரின் போனில் அடுத்தடுத்து இரண்டு மெசேஜ். ஒன்று, அடுத்த ஆர்டர்: பிரியாணி, 4 கிலோமீட்டர். இன்னொன்று, பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவசியம் இல்லாமல் வெளியே வர வேண்டாம் என்ற அறிவுரை. இரண்டில் எதற்கு அவர் கட்டுப்படுவார் என்று சொல்லத் தேவையில்லை. அவர் வெளியே வந்தது அவசியத்தால்தான். பிரியாணி கேட்டவருக்கு அது அவ்வளவு அவசியமா என்பது வேறு கேள்வி.

மார்ச் கடைசியில் தொடங்கி ஜூன் வரை சென்னையில் அறிவிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. வானிலை மையம் ஒன்று சொல்கிறது, மாநகராட்சி ஒன்று சொல்கிறது, குடிநீர் வாரியம் ஒன்று, மின்வாரியம் ஒன்று. எல்லாம் போனுக்கு வந்துவிடுகின்றன. பாதி வாட்ஸ்அப் ஃபார்வர்டாகவே வருகின்றன. இவற்றில் எது பயன்படுகிறது, எது பேருக்கு வருகிறது என்று கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். நல்ல அறிவிப்பை எப்படி எழுதுவது என்று இந்த நகரத்துக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும். வெயில் விஷயத்தில் மட்டும் ஏனோ அது மறந்துபோகிறது.

நாளைய மின்தடை எங்கே?

பல வருடங்களாக நாளிதழ்களில் தினமும் வரும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி இது. பராமரிப்புப் பணிக்காக நாளை எந்தெந்தப் பகுதியில், எந்தெந்தத் தெருவில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மின்சாரம் இருக்காது என்ற பட்டியல். அதில் அறிவுரை எதுவும் இருக்காது. "மின்சாரம் இல்லாதபோது பொறுமையாக இருக்கவும்" என்று யாரும் எழுதுவதில்லை. தெருப் பெயரும் நேரமும் மட்டும்தான். அதைப் பார்த்துத்தான் வீட்டில் மாவு அரைக்கிறார்கள், மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி வைக்கிறார்கள், வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் லேப்டாப்பைச் சார்ஜ் போட்டுக்கொள்கிறார்கள்.

குடிநீர் வாரியத்தின் அறிவிப்பும் ஏறக்குறைய இதே அச்சுதான். குழாய் இணைப்புப் பணி நடக்கிறது, ஆகவே இந்த மண்டலங்களில் இந்தப் பகுதிகளுக்கு இன்று இரவு முதல் நாளை இரவு வரை குழாய் வழி விநியோகம் நிற்கும். முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத் தேவைக்கு லாரி பதிவு செய்யலாம். தெருத் தொட்டிகளுக்கும் லாரி நடைகளுக்கும் பாதிப்பு இல்லை. நாலே வரி. எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், மாற்று என்ன, யாரைக் கேட்பது என்று ஐந்து கேள்விக்கும் பதில் அதில் இருக்கிறது.

அதிலும் குறை உண்டு. மண்டல எண்ணைச் சொன்னால் எத்தனை பேருக்குப் புரியும்? மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர், 15 மண்டலம், 200 வார்டு. 2011-ல் எல்லை விரிவானபோது 155 வார்டுகள் 200 ஆக மாற்றி அமைக்கப்பட்டன. வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவரிடம் "உங்க வார்டு நம்பர் என்ன?" என்று கேட்டால் திருதிருவென விழிப்பார். அப்பார்ட்மென்ட்காரர்களுக்கு செக்யூரிட்டி அண்ணன் சொன்னால்தான் செய்தி. இருந்தாலும், தெருப் பெயர் போட்டு எழுதும் பழக்கம் இருக்கிறது என்பதே பெரிய விஷயம்.

இப்போது இதோடு வெப்ப அறிவிப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். பருத்தி உடை அணியுங்கள். குடை எடுத்துச் செல்லுங்கள். பழச்சாறு, மோர், இளநீர் பருகுங்கள். முதியவர்களையும் குழந்தைகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எதுவும் தப்பில்லை, பாட்டி சொன்னதும் இதேதான். ஆனால் முழுக்க, நகரவாசி என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல். நகரம் என்ன செய்திருக்கிறது என்பது எங்கே? தண்ணீர் குடிக்கச் சொன்னால், எந்தத் தெரு முனையில் கிடைக்கும் என்று சொல்ல வேண்டாமா? இளநீர் விற்கும் விலையில் ஒரு நாளைக்கு எத்தனை இளநீர் குடிப்பது?

'ஹீட்வேவ்' இல்லாத நாளும் ஆபத்தான நாள்தான்

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் வெப்ப அலை என்பதற்குக் கறாரான வரையறை உண்டு. சமவெளிப் பகுதி என்றால் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், மலைப்பகுதிக்கு 30, கடலோரத்துக்கு 37. அது மட்டும் போதாது. அந்த ஊரின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ கூடியிருக்க வேண்டும். வித்தியாசம் 6.4 டிகிரியைத் தாண்டினால் கடும் வெப்ப அலை. இந்த நிலை ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாட்களாவது இருந்தால் இரண்டாம் நாளில் வெப்ப அலை என்று அறிவிப்பார்கள். அதாவது முறைப்படி பெயர் சூட்டும்போது ஒரு நாள் வெந்து முடிந்திருக்கும். முன்னறிவிப்பு தனியாக வருகிறது என்பது உண்மைதான்.

சென்னைக்கு இதை வைத்துப் பார்ப்போம். மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தின் வழக்கமான அதிகபட்சமே 37 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அப்படியென்றால் வெப்ப அலை என்று சொல்ல 41-ஐயும் தாண்ட வேண்டும். 39 டிகிரி வெயிலும், சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும் புழுக்கமும் சேர்ந்த ஒரு நாள் இந்தக் கணக்கில் சிக்காது. வானிலை அறிக்கையின் கடைசியில், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அசௌகரியம் ஏற்படலாம் என்று ஒரு வரி வரும். அசௌகரியம்! கல்யாண வீட்டில் நாற்காலி போதவில்லை என்றால் சொல்லும் வார்த்தை அது.

உடம்புக்கு டிகிரி தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வியர்வை காய்கிறதா இல்லையா என்பதுதான். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர காயாது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் வேலூரின் 41 டிகிரியைவிட சென்னையின் 38 டிகிரி சில நேரம் ஆளைச் சாய்க்கிறது.

கடற்காற்றும் இதில் ஒரு பாத்திரம். பகலில் கடற்காற்று சீக்கிரம் உள்ளே வந்தால் வெப்பநிலை அதோடு நின்றுவிடும். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருந்து கடற்காற்று தாமதமானால், பாதரசம் மளமளவென ஏறும். திருவான்மியூரில் இருப்பவருக்கும் அம்பத்தூரில் இருப்பவருக்கும் ஒரே நாள் இரண்டு வேறு நாளாக இருப்பது இதனால்தான். நகரம் முழுமைக்கும் ஒரே எண்ணைச் சொல்லும் அறிவிப்பில் இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

இரவைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. 'வெப்ப இரவு' என்று ஒரு வகை வானிலை மையத்திடம் உண்டு. ஆனால் பகல் வெப்பநிலை 40 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால்தான் அதைக் கணக்கிலேயே எடுப்பார்கள். கடலோர நகரத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஒற்றை ஜன்னல் வீட்டில், நாலு பேர் படுத்திருக்கும் இரவு எந்த நிறத்திலும் வராது. பகல் முழுக்க வெயிலில் வேலை பார்த்த உடம்பு இரவில்தான் தேறும். அங்கேயும் குளிரவில்லை என்றால், அடுத்த நாள் காலை பாதிக் களைப்போடுதான் தொடங்கும். மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் ஆள் விழுவார்.

நிறங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள். இந்தக் கடைசி இரண்டும் முதன்மையாக அரசு நிர்வாகத்துக்கான சொற்கள். ஆரஞ்சு வந்தால் மாநகராட்சி எதற்குத் தயாராகிறது, சிவப்பு வந்தால் எதைத் திறக்கிறது என்பதை மக்கள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். இப்போதைக்கு ஆரஞ்சு என்றதும் எல்லாரும் செய்வது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது.

மெரினாவில் அந்த ஞாயிறு

அறிவுரைக்கும் ஏற்பாட்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை 2024 அக்டோபர் 6 காட்டியது. கோடைகூட இல்லை. விமானப்படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்க்க மெரினாவில் பல லட்சம் பேர் கூடினார்கள். காலை 11 மணிக்குத் தொடங்கிய நிகழ்ச்சி பகல் 1 மணியளவில் முடிந்தது. திரும்பிப் போக ரயில் நிலையங்களில் கால் வைக்க இடமில்லை, சாலைகள் அடைத்துக்கொண்டன, பலர் வெயிலில் கிலோமீட்டர் கணக்கில் நடந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை என்ற புகார் எங்கும் கேட்டது. ஐந்து பேர் இறந்துபோனார்கள்.

மருத்துவக் குழுக்களும் ஆம்புலன்ஸ்களும் நிறுத்தப்பட்டிருந்ததாக அரசுத் தரப்பு விளக்கம் அளித்தது. வெயில்தான் காரணம் என்றும், குடை, தண்ணீர் பாட்டில், கண்ணாடி, தொப்பியோடு வரும்படி விமானப்படை முன்கூட்டியே சொல்லியிருந்தது என்றும் சுகாதாரத் துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் சொன்னார். அப்படிச் சொல்லப்பட்டது உண்மைதான். ஆனால் ஒரு பாட்டில் தண்ணீர் எவ்வளவு நேரத்துக்கு வரும்? அது தீர்ந்த பிறகு எங்கே போய் நிரப்புவது என்பது எந்த அறிவிப்பிலாவது பளிச்சென்று இருந்ததா? அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

அதே மாதக் கடைசியில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஓஆர்எஸ், குடிநீர்ப் பந்தல் போன்றவற்றுக்குப் பேரிடர் நிதியிலிருந்து செலவு செய்ய வழி. நல்ல முடிவு. சிக்கல், அந்த 4 லட்சத்துக்கு மரணம் வெப்பத்தால்தான் என்று நிரூபணமாக வேண்டும். சித்தாள் வேலைக்குப் போய் மயங்கி விழுந்தவரின் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் பெரும்பாலும் எழுதப்படுகிறது. இறப்பு சரியாகப் பதிவாகாத இடத்தில், எந்த வார்டில் எத்தனை டிகிரியில் ஆபத்து தொடங்குகிறது என்றும் தெரியாது.

அகமதாபாத் என்ன செய்தது?

2010 மே மாதம் அகமதாபாத்தில் 46.8 டிகிரி வரை போனது. பின்னர் நடந்த ஆய்வு, அந்த ஒரு மாதத்தில் மட்டும் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகக் கணக்கிட்டது. அதிர்ச்சி அடைந்த அகமதாபாத் மாநகராட்சி, காந்திநகர் பொது சுகாதாரக் கழகம் உள்ளிட்ட அமைப்புகளோடு சேர்ந்து 2013-ல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்காசியாவில் ஒரு நகரம் இப்படித் திட்டம் போட்டது அதுவே முதல்முறை.

அதில் கவனிக்க வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, அவர்கள் நாட்டுக்குப் பொதுவான வரையறையோடு நிற்கவில்லை. தங்கள் ஊரில் எத்தனை டிகிரிக்கு மேல் இறப்பு கூடுகிறது என்று பார்த்து, அதற்கேற்பத் தங்களுக்கென்று எல்லை வகுத்துக்கொண்டார்கள். 41.1 டிகிரியிலிருந்து மஞ்சள், 43.1-லிருந்து ஆரஞ்சு, 45-ல் சிவப்பு. இரண்டு, எச்சரிக்கை வந்ததும் யார் யாருக்குப் போன் செய்வது, எந்த மருத்துவமனை என்ன தயார் செய்வது, குடிநீர் எங்கே வைப்பது என்பதைத் துறைவாரியாகப் பெயர் போட்டு எழுதி வைத்தார்கள். பொறுப்பு அதிகாரி ஒருவர் உண்டு. மருத்துவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பயிற்சி உண்டு. இந்தத் திட்டத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக 2018-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

அகமதாபாத்தை அப்படியே சென்னைக்குக் கொண்டுவர முடியாது. அது காய்ந்த வெயில், இது புழுக்க வெயில். 41 டிகிரியில் மஞ்சள் என்றால் சென்னையில் பாதி கோடை பச்சையிலேயே போய்விடும். எடுத்துக்கொள்ள வேண்டியது எண்களை அல்ல, தன் ஊர்க் கணக்கைத் தானே போட்டுக்கொண்ட வழிமுறையை. ஈரப்பதத்தையும் இரவையும் சேர்த்த ஒரு சென்னைக் கணக்கு வேண்டும்.

ஏரி அளவு தெரியும், லாரி நேரம் தெரியாது

கோடை என்றால் சென்னைக்கு வெயில் பாதி, தண்ணீர் மீதி. இந்த விஷயத்தில் நகரவாசிகள் கெட்டிக்காரர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து ஏரிகளின் இருப்பையும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்ப்பார்கள். ஐந்தின் மொத்தக் கொள்ளளவு 11.757 டிஎம்சி. தினசரி இருப்பைக் குடிநீர் வாரியமே வெளியிடுகிறது, போன வருடம் இதே நாளில் எவ்வளவு இருந்தது என்பதோடு சேர்த்து. வெளிப்படைத்தன்மைக்கு இதைவிட நல்ல உதாரணம் நகரத்தில் அதிகம் இல்லை.

இந்தப் பழக்கத்தை ஆழப்படுத்தியது 2019. அந்த ஜூனில் அப்போதிருந்த நான்கு முக்கிய ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. வழக்கமாக நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் என்றிருந்த விநியோகம் 52.5 கோடியாக வெட்டப்பட்டது. ஓஎம்ஆரில் ஐடி நிறுவனங்கள் சில வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதும், ஓட்டல்களில் மதியச் சாப்பாடு சுருங்கியதும் அப்போதுதான். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தபோது மாலை மரியாதையோடு வரவேற்றார்கள். வெட்டப்பட்ட பிறகு இருந்த ஒரு நாள் விநியோகத்தில்கூட அது அரை சதவீதம் இல்லை என்பது கொஞ்சம் நேரம் கழித்துத்தான் உறைத்தது.

அதன் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. மீஞ்சூரில் 10 கோடி லிட்டர், நெம்மேலியில் 10 கோடி லிட்டர் என்றிருந்த கடல்நீர் சுத்திகரிப்போடு, 2024 பிப்ரவரியில் நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டர் ஆலை சேர்ந்தது. 2020-ல் ஐந்தாவது ஏரி வந்தது. வீராணம் 2004-லிருந்தே கை கொடுக்கிறது. ஆகவே, ஏரி கொஞ்சம் இறங்கியதும் "மறுபடியும் 2019-ஆ?" என்று பதற வேண்டியதில்லை.

ஆனால் மொத்தத்தில் தண்ணீர் இருப்பதும் ஒரு குடத்தில் தண்ணீர் விழுவதும் ஒன்றல்ல. குழாய் இணைப்பு இல்லாத, அல்லது குழாயில் காற்று மட்டும் வருகிற தெருக்களுக்கு லாரிதான் கதி. லாரி எப்போ வரும்? "காலையில வரும்" என்பார்கள். காலை என்பது ஆறா, பதினொன்றா? வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண், குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஒன்பது மணி வரை காத்திருந்தால் இரண்டு வீட்டு வேலை போச்சு. கிளம்பிப் போய்விட்டால் தண்ணீர் போச்சு. பக்கத்து வீட்டு அக்காவிடம் "கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா" என்று குடத்தை ஒப்படைத்துவிட்டு ஓடுவதுதான் இன்றைக்கும் நடைமுறை. நாம் ஆர்டர் செய்த தோசை எந்தச் சிக்னலில் நிற்கிறது என்று போனில் தெரிகிறது; ஒன்பதாயிரம் லிட்டர் லாரி எந்தத் தெருவில் நிற்கிறது என்று குடத்தோடு நிற்பவருக்குத் தெரிவதில்லை. இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. நாளைய மின்தடைப் பட்டியல் மாதிரி, நாளைய லாரி நேரப் பட்டியல் ஒன்று தெருமுனையில் ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

யாரைக் கூப்பிடுவது?

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், 'கார்ப்பரேஷன்' என்று மக்கள் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் பல அலுவலகங்கள். குப்பை, தெருவிளக்கு, பூங்கா, பேருந்து நிழற்குடை, சுகாதார நிலையம், சமுதாயக் கூடம் எல்லாம் மாநகராட்சி, புகாருக்கு 1913. குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியம், 044-4567 4567. மின்சாரத்துக்கு மின்னகம், 94987 94987. மயங்கி விழுந்தவருக்கு 108. இந்த நான்கையும் போனில் சேமித்து வைத்தால், டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த இரவில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்வதும் முக்கியம். எண் இல்லாத புகார் காற்றில் போகும்.

மயக்கம் பற்றி ஒரு எச்சரிக்கை. தலைசுற்றல், அதிக வியர்வை, தசைப்பிடிப்பு வந்தால் நிழலுக்குப் போய், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரோ ஓஆர்எஸ்ஸோ குடித்தால் பெரும்பாலும் சரியாகும். பேச்சு குழறினால், ஆள் குழம்பினால், நினைவு தப்பினால் அது வெப்பத் தாக்கு, உயிர் ஆபத்து. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, காத்திருக்கும் நேரத்திலேயே உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் குளிர்ந்த துணி. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கையில் இருப்பதைச் சொல்லாமல் இருப்பது

மாநகரம் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2025-ல் அண்ணா நகரில் டெலிவரி ஊழியர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறையை மாநகராட்சி திறந்தது. அதே ஆண்டு ஜூனில் குடிநீர் வாரியம் 50 இடங்களில் இலவசக் குடிநீர் இயந்திரங்களை வைத்தது. சில சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டார்கள். இரண்டு நிமிட நிழல் என்றாலும் ஹெல்மெட்டுக்குள் இருப்பவருக்கு அது பெரிது. ஆனால் அந்த 50 இடங்களில் தனக்குப் பக்கத்தில் இருப்பது எது என்று சாலையில் நிற்பவருக்குத் தெரியுமா? திறப்பு விழாப் படம் எல்லார் போனிலும் இருக்கிறது. முகவரிப் பட்டியல் சிலர் போனில்தான் இருக்கிறது.

கட்சிகள் திறக்கும் தண்ணீர்ப் பந்தல்களின் கதை ஊருக்கே தெரிந்தது. ஏப்ரலில் தர்பூசணி, மோர், போட்டோ. மே நடுவில் பந்தல் இருக்கும், பானை இருக்கும், பேனர் இருக்கும்; தண்ணீர் மட்டும் இருக்காது.

ஆரஞ்சு எச்சரிக்கையோடு கூடவே இப்படி ஒரு மெசேஜ் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: 'உங்கள் வார்டில் நாளை பகல் 11 முதல் 4 வரை உட்கார இடம், மின்விசிறி, குடிநீர், கழிப்பறை உள்ள இடங்கள்: இந்தத் தெரு மாநகராட்சிப் பள்ளி, இந்தத் தெரு சமுதாயக் கூடம். ஓஆர்எஸ் கிடைக்குமிடம்: இந்த ஆரம்ப சுகாதார நிலையம். வீட்டில் இரவுப் புழுக்கம் தாங்காதவர்கள் சமுதாயக் கூடத்தில் தங்கலாம். பூட்டியிருந்தால் 1913.'

இதில் புதிதாகக் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. மே மாதம் மாநகராட்சிப் பள்ளிகள் விடுமுறையில் காலியாகத்தான் கிடக்கின்றன. மின்விசிறி, கழிப்பறை எல்லாம் இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத நாளில் சமுதாயக் கூடங்கள் பூட்டியிருக்கின்றன. வார்டு வார்டாக அம்மா உணவகங்கள் இருக்கின்றன. சாவியை யார் வைத்திருப்பது, கரன்ட் பில்லை எந்தக் கணக்கில் எழுதுவது, இரவுக் காவலுக்கு யார் என்று முடிவு செய்ய வேண்டும். பேரிடர் நிதியில் செலவு செய்ய 2024 அரசாணை வழி விட்டிருக்கிறது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்குக் குப்பை வண்டியின் ஒலிபெருக்கி இருக்கிறது. தினமும் காலையில் தெருத்தெருவாகப் போகிற ஒரே அரசு ஊடகம் அதுதான். குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லும் பாட்டுக்கு நடுவே இந்த நாலு வரியையும் சொல்லலாம்.

பத்தே நிமிடத்தில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும் அரசு அறிவிப்பு ஒன்று தமிழ்நாட்டில் ஏற்கெனவே உண்டு: பள்ளி விடுமுறை. எந்த மாவட்டம், எந்த வகுப்பு, எந்தத் தேதி என்று துல்லியமாக இருப்பதால் அது பறக்கிறது. 2023-ல் கத்திரி வெயில் முடிந்த பிறகும் சூடு தணியாததால் பள்ளித் திறப்பு முதலில் ஜூன் 7-க்கும், பிறகு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஜூன் 12-க்கும், ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 14-க்கும் தள்ளிப்போனது. இரண்டு முறையும் தேதி தெரியாத வீடு இல்லை. பஞ்சாங்கத்தில் கத்திரி மே 28 வாக்கில் முடிந்துவிடும். தண்ணீர்ப் பந்தலையும் அதோடு சுருட்டிவிடுவார்கள். சென்னையில் பதிவான மிக அதிக வெப்பநிலை 45 டிகிரி. அது 2003-ல், மே 31 அன்று.